தேடினால் வராத பெயர்

நெல்லிவாசல் மலையூரில் எடுத்திருந்த வாடகை அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் பெயரைத் தேடிப் பார்ப்பது இளவழகனுக்கு வழக்கம், வெளியே கிளம்புமுன் ஒருமுறை கண்ணாடி பார்த்துக்கொள்வதைப் போல. தேடுபொறியில் தன் பெயரையும் மலைமன்றம் என்ற சொல்லையும் அடித்தால் அவன் எழுதியவையெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்: புளியில் புழு வைக்காமல் காப்பது எப்படி, சாமைக்கு இந்த வாரம் என்ன விலை, மலையேறும் ஜீப் எந்த முக்கில் நிற்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பக்கம் வெளுத்துக் கிடந்தது.

எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தான். அதே வெள்ளை.

மார்கழிப் பனி சாயங்காலமே இறங்கி, சன்னல் கம்பிகளுக்கிடையே புகைபோல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த அறை முன்பு புளி மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது. சுண்ணாம்பு அடித்த பிறகும் சுவரிலிருந்து புளிப்பு நெடி போகவில்லை. மூலையில் மலைமன்றத்தின் பெட்டி, ஒரு சோற்றுப் பானை அளவுக் கணினி, உள்விசிறி சுழலும் சன்னமான முனகலோடு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மலைமன்றம் ஒரே இடத்தில் இருக்கும் தளமல்ல. இங்கே ஒரு பெட்டி, புதூர்நாட்டில் ஒன்று, ஒடுகத்தூரில் அவன் செல்போன் கடை மாடியில் ஒன்று. வெளியூர்களிலும் யார் யாரோ தங்கள் பெட்டிகளை இதோடு இணைத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. ஒரு பெட்டியில் எழுதியது மற்றவற்றுக்கெல்லாம் பிரதியாகப் போய்ச் சேரும். ஆனால் தேடுபொறி பிரதிகளை நம்புவதில்லை. மூலம் எது என்று கேட்கும். பிரதிகள் எல்லாம் தாங்கள் பிறந்த பெட்டியைக் கைகாட்டும். பிறந்த பெட்டியில் 'இதைத் தேடலில் காட்டாதே' என்று ஒரு குறி போட்டுவிட்டால் தீர்ந்தது, அத்தனை பிரதிகளும் தேடுகிறவர் கண்ணுக்கு மறைந்துவிடும். எழுதியது அப்படியே இருக்கும். உறுப்பினர்கள் உள்ளே வந்து புரட்டினால் படிக்கலாம். வெளியே நின்று தேடுகிறவருக்குக் கிடைக்காது.

அந்தக் குறியைப் போடத் தெரிந்தவன் இந்த மலையில் அவன் ஒருவன்தான்.

புளி பற்றிய உரையாடலைத் தேடினான். அது வந்தது. திறந்து பார்த்தவன் நாற்காலியில் நிமிர்ந்தான். பச்சையம்மா என்ற பெண் எழுதியிருந்தாள்: "நீங்க சொன்ன மாதிரியே கல்லுப்பு போட்டு வெச்சேங்க, ஒரு புழு இல்ல." அதற்கு மேலே எதுவும் இல்லை. அவள் நன்றி சொன்னது வெற்றிடத்துக்கு. கீழே இன்னொருவர், "தம்பி நல்லா கேலி பண்றீங்க" என்று எழுதிச் சிரித்திருந்தார். கேலி செய்தவனைக் காணோம்.

வீட்டுக்குப் போன் போட்டான்.

"யாருங்க பேசறது?" என்றாள் மஞ்சுளா.

"இன்னாடி யாருங்க? உன் புருஷன்தான்."

"அட, நீங்களா? வெறும் நம்பர்தாங்க வந்துது. மதியம் உங்களைக் கூப்பிடலாம்னு போன்ல பேரைத் தேடறேன் தேடறேன், வரவே இல்ல. உங்கப்பாவைக் காணோம்டின்னு கவியாகிட்டச் சொல்லி ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு."

"சிரிப்பா இருக்குதா உங்களுக்கு?"

"பின்ன ஒப்பாரியா வைக்கறது? பனி எறங்கறதுக்குள்ள கிளம்பி வாங்க. இருங்க, ரஞ்சித்து இங்கதான் கீறான். உங்ககிட்ட இன்னாவோ பேசணுமாம்."

மச்சான் ரஞ்சித் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது.

"மாமா, அந்த நர்ஸம்மா உங்களுக்கு எழுதினாங்கன்னு சொன்னீங்களே. பதில் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போடாதீங்க மாமா. தையில கல்யாணம். பொண்ணு வூட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான். அந்த ஆளு செத்ததுக்கு நானா காரணம்?"

"நான் பாத்துக்கறேன், வை."

போனை வைத்த பிறகும் அவன் கை அதை விடவில்லை. அந்த ஆள் என்று ரஞ்சித் சொன்னது மாதையனை.

மாதையனுக்குக் காது கேட்கும், வாய் பேச வராது. எழுதவும் தெரியாது. போன கோடையில் ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் புளி கொண்டுபோனவன் திரும்பும்போது ரஞ்சித்தின் ஜீப்பில் ஏறினான். காய்ச்சலில் வண்டிக்குள் வாந்தி எடுத்தான். குடித்திருக்கிறான் என்று ரஞ்சித் அவனை நடுவழியில் இறக்கி, நெடுஞ்சாலையில் நின்றிருந்த ஒரு தக்காளி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். லாரி எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

மாதையன் மனைவி பாஞ்சாலை இதே அறைக்கு வந்தாள். இந்த மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வந்த சாமையைக் காகிதத்தில் கொட்டி நகர்த்திவைத்து, "அண்ணா, உங்க பெட்டியில போட்டா எல்லா ஊருக்கும் போவுமாமே" என்றாள். அவள் சொல்லச் சொல்ல இளவழகன்தான் அடித்தான். வாய் பேச மாட்டார். இடது காது நுனி இருக்காது. மார்பில் என் பேரைப் பச்சை குத்தியிருப்பார். ரஞ்சித் ஜீப்பில் ஏறினதைப் பார்த்தவங்க இருக்காங்க. அந்தக் கடைசி வரியை அடிக்கும்போது அவன் விரல் தயங்கியது. ஆனாலும் அடித்தான். பாஞ்சாலை மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அன்று மாலையே ரஞ்சித் வந்து, அதை அழிக்கச் சொல்லி அழுதான். இளவழகனுக்கு அழிக்க மனம் வரவில்லை. குறியைப் போட்டான். அழிக்கலையே, மறைச்சுதானே வெச்சேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மழைக்காலம் முழுக்க பாஞ்சாலை பாறை மேல் ஏறி நின்று புருஷன் பெயரைக் கூவினாள். ஒருநாள் அவள் குரலும் நின்றுவிட்டது. பாறைக்குக் கீழே ஓடையில் வெள்ளம் போயிருந்தது. ஊர்க்காரர்கள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

இன்று காலையில்தான் அந்தச் செய்தி வந்தது. ஓசூருக்கு அப்பால் ஒரு தர்ம மருத்துவமனையில் வேலை செய்யும் அருணா என்ற நர்ஸ், எதற்கோ மலைமன்றத்தில் சேர்ந்து புரட்டியபோது கண்ணில் பட்டதாக எழுதியிருந்தாள். "அவர் எங்களிடம்தான் இருந்தார். மார்பில் இருந்த பெயரை வைத்துத் தினமும் தேடினேன். காதைச் சொல்லித் தேடினேன். எதுவும் வரவில்லை. கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களே அடக்கம் செய்தோம். இது ஏன் சார் தேடலில் வரவில்லை?"

பாஞ்சாலை போலீஸில் புகார் கொடுத்தது ஒரு மாவட்டத்தில், மாதையன் செத்தது வேறொரு மூலையில். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமாக அந்தப் பதிவு இருந்திருக்கும். ஒருவருக்கு நல்லது செய்ய மலையைப் புரட்ட வேண்டியதில்லை. சில நேரம் ஒரு குறியை எடுத்துவிட்டாலே போதும். இளவழகனுக்கு அது தெரியாமல் இல்லை.

கதவு தட்டப்பட்டது. அறையை வாடகைக்கு விட்ட டீக்கடை மணிவேல் ஆவி பறக்கும் டம்ளரோடு வந்தான்.

"இன்னா சார், வெளக்குகூடப் போடாம குந்திகினு கீறீங்க? பேயி பிசாசுன்னு நெனச்சிட்டேன்."

மணிவேல் விளக்கைப் போட்டான். அப்போதுதான் இளவழகன் அதைக் கேட்டான். பெட்டியின் விசிறி முனகலுக்குள், அதைவிடச் சன்னமாக, நீளமாக, ஏறி இறங்கும் ஏதோ ஒன்று. மேட்டுக்கு அப்பாலிருந்து காற்றில் வருவது போலவும் இருந்தது, இந்தச் சுவருக்குள்ளிருந்து வருவது போலவும் இருந்தது.

"மணிவேலு, யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

மணிவேல் தலையைச் சாய்த்துக் கேட்டான். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மாறியது.

"எனக்குக் கேக்கல சார். உங்களுக்குக் கேக்குதுன்னா, அது உங்களுக்கு வந்த கூவல்."

"கூவலா?"

"காட்டுல ஆள் தவறிட்டா வூட்டுக்காரங்க பாறை மேல ஏறி பேரைக் கூவுவாங்க. கேட்ட ஊர்க்காரன் 'கேட்டேன்'னு பதில் கூவிட்டு, அந்தப் பேரை அடுத்த ஊருக்குக் கூவணும். அப்படியே மலைக்கு மலை போய்க்கினே இருக்கும். உங்க பெட்டி மாதிரிதான். என்னா, எங்களுக்குக் கரண்டு பில்லு வராது."

"கேட்டுட்டு அனுப்பாம வுட்டுட்டா?"

"யாரு சார் வுடுவாங்க? பெத்த தாயோட கூப்பாடு, கட்டினவளோட கூப்பாடு."

"வுட்டா இன்னா ஆவும்னு கேக்கறேன்."

"கூவல் அவன்கிட்டயே தங்கிடும். பாவம், அது வேற எங்க போவும்?" மணிவேல் டம்ளரை மேசையில் வைத்தான். "பயப்படாதீங்க. கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அனுப்ப வேண்டியதை அனுப்பிவுட்ருங்க. காளியாத்தா கேக்கறது அவ்ளோதான். சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க. முறுக்கு எடுத்துகினு வர்றேன்."

அவன் போனதும் சத்தம் தெளிவாயிற்று.

மாதையோ...

இழுத்து, கடைசியில் மேலே தூக்கி, அப்படியே காற்றில் விட்டுவிடும் குரல். விட்ட பிறகு ஒரு மௌனம். பதிலுக்குக் காத்திருக்கும் மௌனம். குரலைவிட அந்த மௌனம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

இளவழகன் பாஞ்சாலையின் பதிவைத் திறந்தான். மேலே ஓரத்தில் அந்தக் குறி. ஒரு சொடுக்கு. எடுத்துவிட்டால் நாளைக்கே உலகம் அதைப் பார்க்கும். நர்ஸ் சொன்னதைக் கீழே சேர்த்தால் மாதையனின் சொந்தக்காரர்கள் போய் அந்த மண்ணில் ஒரு சூடம் ஏற்றுவார்கள். யார் மறைத்தது என்ற கேள்வியும் வரும். ரஞ்சித் ஜீப் என்ற வரி. தை மாதம். மஞ்சுளாவின் முகம். போலீஸ் கடைப் படியேறுவது.

மாதையோ...

இந்த முறை மேட்டுக்கு இந்தப் பக்கம்.

"போதும்" என்றான் வாய்விட்டு. சுட்டியை நகர்த்தினான். குறிக்கு அருகில் இருந்த இன்னொரு பொத்தான். அழி. இந்தப் பெட்டியில் பிறந்ததை இங்கே அழித்தால், அழிக்கச் சொல்லி எல்லாப் பெட்டிகளுக்கும் ஓலை போகும். புதூர்நாட்டில் அழியும். ஒடுகத்தூரில் அழியும். அருணா திரும்பி வந்து பார்த்தாலும் இருக்காது.

அழுத்தினான்.

குரல் பாதியில் அறுந்தது. விசிறியின் முனகல்கூட நின்றுவிட்டதுபோல் அப்படியொரு அமைதி. நெஞ்சில் கட்டியிருந்த மூச்சை விட்டான். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான். ருசியே இல்லை. சூடும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மணிவேல் முறுக்குத் தட்டோடு வந்தான். மேசையைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான்.

"சார்?"

"இன்னா மணிவேலு?"

மணிவேல் தட்டை மேசையில் வைத்தான். குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். சன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தான். "செருப்பு கீது. வண்டியும் கீது. எங்க போய்ட்டாரு இந்த மனுஷன்?"

"டேய், விளையாடாத. இங்கதானே கீறேன்."

மணிவேல் திரும்பி வந்து, யோசித்தபடி, நாற்காலியின் முதுகில் கையூன்றுவது போல அவன் தோளில் கையூன்றி நின்றான். அந்தக் கையின் கனம் முழுக்க இளவழகனுக்குத் தெரிந்தது. உள்ளங்கையின் வெப்பம் தெரிந்தது. மணிவேலுக்கு நாற்காலி மரம்தான் தெரிந்தது. மற்றக் கையால் போனை எடுத்தான்.

"ரஞ்சித்து, நான் டீக்கடை மணிவேலு. உங்க மாமாவைக் காணோம்பா. இல்லப்பா, போன் அடிக்க உங்க மாமா பேரைத் தேடனேன், வரல. கொஞ்சம் முன்னாடி ஒரு மாதிரி பேசினாரு. நீ வந்துடு."

இளவழகன் கத்தினான். அவன் கையைப் பிடித்து உலுக்கினான். மணிவேல் குளிர் தாக்கியவனைப் போல் ஒருமுறை சிலிர்த்து, கையை உதறி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனான். கதவு மூடுவதற்குள் இளவழகன் அவன் பின்னாலேயே நுழைந்து ஓடிவந்தான், வெறுங்காலோடு.

வெளியே பனி. பலாமரங்களின் அடிப்பகுதி மறைந்து, மேலே கறுப்புக் கிளைகள் மட்டும் தொங்கின. மாட்டுச் சாணம், ஈர மண், எங்கோ எரியும் சருகு வாசனை. பாதை ஓரக் கோயில் விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத் தெரிந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். "யாரு, அந்தப் பெட்டிக்காரத் தம்பியா?" "பாவம், என் பொண்ணுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் போட்டுக் குடுத்துதே." அவன் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றான். ஒவ்வொருவரும் கொஞ்சம் விலகி, அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், குழியைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல, ஏன் விலகுகிறோம் என்று தெரியாமலே.

ஜீப் வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. அவன் நடுச்சாலையில் கைவிரித்து நின்றான். வெளிச்சம் முகத்தில் அடித்தது. வேகம் குறையவில்லை. கடைசி நொடியில் புதரில் விழுந்தான். முள். சேறு. ஜீப் நின்றது, தலைக்கு மேலே கவியாவின் குரல்.

"அம்மா, அப்பா செருப்பு போடாம எங்கம்மா போவாரு?"

"வந்துடுவாருடி" என்றாள் மஞ்சுளா. சிரிப்பின் மிச்சம்கூட அந்தக் குரலில் இல்லை.

ரஞ்சித் ஜீப்பிலிருந்து இறங்கினான். டார்ச்சைத் தரைக்கே அடித்துக்கொண்டு நின்றான்.

"பாறைக்குப் போவலாம்" என்றான் மணிவேல். "கூவிப் பாக்கலாம்."

எல்லோரும் ஏறினார்கள். அவனும் ஏறினான். பாறை உச்சியில் மணிவேல் இரு கைகளையும் வாயில் குவித்து, பனியைக் கிழித்துக்கொண்டு கூவினான்.

இளவழகோ...

"இங்கதான்! இங்கதான் கீறேன்!"

பள்ளத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரிலிருந்து, உடனே பதில் வந்தது. "கேட்டோம்." முகம் தெரியாத எவரோ, சோறு தின்ற கையைக் கழுவாமல் எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் அவன் பெயரை அடுத்த மலைக்குக் கூவினார். அங்கிருந்து இன்னும் மெலிதாக, "கேட்டோம்." அதற்கும் அப்பால் இன்னொன்று. அவனை ஒரு முறைகூடப் பார்த்திராதவர்கள். ஒருவர்கூட அடைத்து வைக்கவில்லை. மலை மலையாக அவன் பெயர் அவனை விட்டுத் தூரம் போய்க்கொண்டே இருந்தது.

அவன் இங்கே நின்றான். மகளிடமிருந்து ஒரு கை தூரத்தில்.

டக். டக்.

பின்னால். கல்லோடு கல் தட்டும் சத்தம்.

கூட்டத்தில் யாரும் திரும்பவில்லை.

டக். டக்.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். திரும்பினான்.

பாறையின் விளிம்பில், ஓடைப் பக்கம் காலைத் தொங்கவிட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மருத்துவமனைப் போர்வை. திறந்த மார்பில் பச்சை எழுத்து. இடது காது நுனி இல்லை. கையில் இரண்டு கற்கள். வாய் பேசாதவன் பதில் சொல்லும் விதம் அது என்று இளவழகனுக்குப் புரிந்தது. யாருக்கோ பதில் சொல்கிறான். கூப்பிட்டவள் கிடைத்துவிட்டாள்.

அவள் எங்கே?

மாதையன் அவனைப் பார்த்தான். பதிவை அழித்த பிறகு அவனை நேராகப் பார்த்த முதல் கண்கள். கோபமே இல்லை அதில். கற்களைக் கீழே வைத்தான். கொஞ்சம் நகர்ந்தான். பக்கத்தில் கிடைத்த இடத்தை, விருந்தாளிக்குப் பாயைத் துடைப்பது போல், உள்ளங்கையால் துடைத்துவிட்டு, தட்டிக் காட்டினான்.

உட்கார்.

"கவியா!" என்று கத்த இளவழகன் திரும்பினான்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் வாயை மூடியது.

ஈரமான கை. ஓடைத் தண்ணீரின் குளிர். விரல்களில் மணல். வலிக்கும்படி அழுத்தவில்லை. அழும் பிள்ளையை அமர்த்துவது போல மெதுவாக, முழுவதுமாக. காதோரம் ஒரு மூச்சு, நீர் சொட்டச் சொட்ட.

"கேக்குதா அண்ணா?"

கேட்டது. பாறை முனையில் நின்று கவியா கூவிக்கொண்டிருந்தாள். தொண்டை கிழிய. அப்பா... கூவிவிட்டுக் காத்திருந்தாள். டார்ச் வெளிச்சம் அவன் முகத்தின் மேல் ஊர்ந்து, கண்களின் மேல் ஊர்ந்து, நகர்ந்து போனது.

"பதில் இல்லம்மா" என்றாள் தாயிடம். "இன்னும் ஒரு தடவை கூப்பிடறேன்."

அப்பா...

கை இன்னும் கொஞ்சம் இறுகியது.